சிட்காவா, கூயூவா, ஹார்கிலாவா? நம் ஏரிக்கரைக்குப் பொருந்தும் வேட்டை உடை எது

புதுச்சேரியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ஊசுட்டேரி, பாகூர் ஏரி, கழுவெளி, பிச்சாவரம் என்று சுற்றிப் பறவைகளைப் படம் எடுக்கிறேன். மைத்துனர் தீபாவளிக்கு டெக்சஸிலிருந்து வருகிறார். பாரிஸில் சித்தப்பா இருக்கிறார். யாரிடம் சொன்னாலும் உயர்தர வேட்டை உடை ஒரு செட் வாங்கிக் கொடுப்பார்கள். சிட்கா, கூயூ, ஃபர்ஸ்ட் லைட், ஹார்கிலா, ஃபியால்ராவன் இவற்றில் துணியும் தையலும் எதில் சிறந்தவை? என் உடம்புக்கு எது பொருந்தும்? உயரம் ஐந்தடி ஆறு அங்குலம், இடுப்பு 34."

தம்பி, முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணத்தைப் பேண்ட்டில் போடுங்கள். மேல்கோட்டு வேண்டவே வேண்டாம். சட்டையை நம் ஊர்த் தையல்காரரிடம் தைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பேண்ட் என்றால் கூயூவின் வெயில்காலப் பேண்ட், ஐரோப்பியப் பேண்ட் என்றால் ஃபியால்ராவன். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், கடலூர்க் கரைக்கு நான் ஃபியால்ராவனைத்தான் சொல்வேன்.

திருப்பூரில் ஏற்றுமதி ஆடைகளுக்குத் தரப் பரிசோதகராகப் பல ஆண்டுகள் இருந்தேன். குளிர்நாட்டு வெளிப்புற ஆடைகளின் தையல், நாடா, ஜிப் என்று ஒவ்வொன்றையும் விளக்கொளியில் பிடித்துப் பார்ப்பதே வேலை. இப்போது கடலூரில் இருந்துகொண்டு வாரக்கடைசிகளில் நானும் பறவைகளின் பின்னால்தான் போகிறேன். அந்த இரண்டு அனுபவத்தையும் வைத்துத்தான் சொல்கிறேன்.

நம் நாட்டில் சட்டப்படி பொழுதுபோக்கு வேட்டை என்பதே இல்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் கட்டுப்படுத்தியது. 1991-இல் வந்த திருத்தம், உரிமம் பெற்று வேட்டையாடும் வழியையும் அடைத்துவிட்டது. ஆகவே இந்த உடைகள் இங்கே படமெடுப்பவர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும்தான் பயன்படுகின்றன. ஆனாலும் அவை எந்த வேலைக்காகச் செய்யப்பட்டனவோ அது ஏறக்குறைய நம்முடைய வேலைதான்: சத்தமில்லாமல் நடப்பது, நெடுநேரம் அசையாமல் உட்காருவது, முள்ளிலும் சேற்றிலும் புகுந்து வருவது. மலையேற்ற உடையில் இந்த மூன்றும் கவனிக்கப்படுவதில்லை. பளபளப்பாக இருக்கும், சரசரக்கும், நிறம் கண்ணைக் குத்தும். அதனால் வேட்டை உடை பக்கம் நீங்கள் பார்த்தது சரியான பார்வைதான். இவை எந்த ஊருக்காகச் செய்யப்பட்டவை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சிட்கா கலிபோர்னியாவில் தொடங்கிய நிறுவனம். கோர்டெக்ஸ் என்ற நீர்புகாச் சவ்வைத் தயாரிக்கும் டபிள்யூ.எல். கோர் நிறுவனம் 2009-இல் அதை வாங்கியது. அதனால் சிட்காவின் பெருமையெல்லாம் சவ்விலும் காற்றுத்தடுப்புத் துணியிலும்தான் இருக்கிறது. அவர்களுடைய உயர்ந்த கோட்டுகளின் தையல் வேலை மிக நேர்த்தியானது. ஓரத்தையல் மேல் ஒட்டிய நாடாவில் ஒரு குமிழைக்கூடப் பார்ப்பது அரிது. சிட்காவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜேசன் ஹேர்ஸ்டன் பிறகு வெளியேறி 2011-இல் கூயூவைத் தொடங்கினார். கடைகளுக்குக் கொடுக்காமல் வாடிக்கையாளருக்கு நேராக விற்பது அதன் வழி. கடைக்காரர் லாபம் இல்லாததால் அந்தப் பணம் துணிக்குப் போகிறது என்பது அவர்கள் வாதம். ஜப்பானின் டோரே நிறுவனத் துணியைத் தொட்டுப் பார்த்தால் அந்த வாதத்தில் உண்மை இருப்பது தெரியும். எடையைக் குறைப்பதில் அவர்களுக்குத் தீராத வெறி. அதனால் துணி மெல்லியது, வெட்டு உடம்பை ஒட்டியது. ஃபர்ஸ்ட் லைட் 2007-இல் ஐடஹோவில் பிறந்தது, அதன் உயிர் மெரினோ என்ற ஆட்டினத்தின் மெல்லிய கம்பளி. ஹார்கிலா ஸ்காண்டிநேவியப் பிராண்ட். கனமான, நீண்ட காலம் உழைக்கும் ஆடைகள், பெரும்பாலும் கோர்டெக்ஸ் உள்ளே. ஃபியால்ராவன் 1960-இல் சுவீடனில் ஆகே நோர்டின் தொடங்கியது. வேட்டைக்கென்று தனி வரிசை வைத்திருந்தாலும் அதன் அடையாளம் ஜி-1000 என்ற துணி: 65 விழுக்காடு பாலியெஸ்டர், 35 விழுக்காடு பருத்தி, நெருக்கமான நெசவு. இங்கிலாந்தின் பார்பர் 1894 முதல் இருக்கிறது. அந்த மெழுகுப் பருத்திக் கோட்டு அழகானது, உறுதியானது, நம் ஊரில் போட்டுக்கொள்ள முடியாதது. அதைப் பற்றி மேலே பேச வேண்டியதில்லை.

இவை எல்லாமே குளிர்நாட்டுச் சரக்கு. சிட்காவும் கூயூவும் பனிமலை ஆட்டை மனத்தில் வைத்து வடிவமைத்தவை. ஹார்கிலா ஸ்காண்டிநேவியக் குளிர்க்காட்டு வேட்டையை நினைத்துச் செய்தது. அவற்றின் தரம் உண்மையானதுதான். ஆனால் அந்தத் தரத்தில் பாதி நமக்கு உதவாது, கால் பங்கு நம்மை வாட்டும், மீதிக் கால் பங்கு பொன். அந்தப் பொன்னை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும்.

அளவு விஷயத்தில்தான் அதிகப் பணம் வீணாகிறது, அதனால் அதை விரிவாகச் சொல்கிறேன். குளிர்நாட்டுக் கோட்டின் அளவு, உள்ளே ஒரு பனியன், அதன் மேல் ஒரு கம்பளிச் சட்டை, அதன் மேல் ஒரு பஞ்சுக் கோட்டு என்று அடுக்கிக்கொண்ட உடம்புக்கானது. நீங்கள் இங்கே போடப்போவது ஒரே அடுக்கு. அளவு அட்டவணைப்படி 'எம்' எடுத்தால் மார்பிலும் கையிலும் தொளதொளக்கும், அக்குளுக்குக் கீழே துணி மடிந்து வியர்வை தேங்கும். மேலாடை எதுவாக இருந்தாலும், அது வெளி அடுக்கு என்று எழுதியிருந்தால் ஓர் அளவு குறைத்தே எடுக்க வேண்டும். உள் அடுக்கு என்று எழுதியிருந்தால் அட்டவணை அளவையே எடுக்கலாம். ஒரே நிறுவனத்தின் இரண்டு ஆடைகளில் ஒரே எழுத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது.

பேண்ட்டில் சிக்கல் வேறு. அமெரிக்க நிறுவனங்களில் இடுப்பளவு எண்ணாக இருக்கும். கால் நீளம் பெரும்பாலும் 'வழக்கமானது', 'நீளமானது' என்ற இரண்டே. வழக்கமானது என்பதே கவட்டையிலிருந்து கணுக்கால் வரை சுமார் 32 அங்குலம். நம்மில் பலருக்கு 28 முதல் 30 போதும். கீழே இரண்டு மூன்று அங்குலம் வெட்டி மடித்துத் தைத்தால் தீர்ந்தது என்று தோன்றும். சாதாரணப் பேண்ட்டுக்கு அது சரி. உயர்தர வேட்டைப் பேண்ட்டில் முழங்கால் பகுதி முன்னதாகவே வளைத்து வெட்டப்பட்டிருக்கும், அந்த இடத்தில் இரட்டைத் துணியும் முழங்கால் மெத்தைக்குப் பையும் இருக்கும். உங்கள் கால் குட்டை என்றால் அந்த வளைவு முழங்காலுக்குக் கீழே கெண்டைக்காலில் போய் உட்காரும். மண்டியிடும்போது மெத்தை தரையில் படாது, வளைவு முன்னால் பை மாதிரித் தொங்கும். நீங்கள் கொடுத்த காசின் பெரும்பகுதி அந்த முழங்காலுக்குத்தான். அது உங்கள் முழங்காலில் உட்காரவில்லை என்றால் எவ்வளவு உயர்ந்த பிராண்டும் பயனில்லை. எந்தத் தையல்காரராலும் அதைப் பிறகு மேலே தூக்க முடியாது.

ஐரோப்பிய நிறுவனங்கள் உங்கள் உடம்புக்கு மேல் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். அங்கே அளவு 46, 48, 50, 52 என்று போகும். 50 என்றால் மார்பு 100 செ.மீ. 34 அங்குல இடுப்புக்கும் பெரும்பாலும் 50 பொருந்தும். ஜெர்மானிய முறையைப் பின்பற்றும் நிறுவனங்களில் 24, 25, 26 என்று ஒரு வரிசை உண்டு. அவை 48, 50, 52-க்கு இணையான இடுப்பும், குட்டையான காலும் கொண்டவை. முழங்காலும் அதற்கேற்ப மேலே ஏறியிருக்கும். ஃபியால்ராவனின் விட்டா ப்ரோ பேண்ட் குட்டை நீளத்திலும் வருகிறது. வேறு சில பேண்ட்டுகளைக் கீழ் ஓரம் மடிக்காமலே விற்கிறார்கள். குட்டை நீளம் கிடைத்தால் அதையே எடுக்க வேண்டும். ஓரம் மடிக்காத பேண்ட்டில் முழங்கால் பிரச்சினை அப்படியேதான் இருக்கும்.

அடுத்து கவட்டை. நாம் ஏரிக்கரையில் பாதி நேரம் குத்துக்காலிட்டு உட்காருகிறோம். மேலைநாட்டவர் அப்படி உட்காருவது குறைவு, ஒரு முழங்காலை ஊன்றுவார்கள் அல்லது சின்ன நாற்காலி வைத்துக்கொள்வார்கள். குத்துக்காலிட்டால் பின்பக்க நடுத்தையலிலும் கவட்டையில் நான்கு தையல் கூடும் புள்ளியிலும் முழு இழுவிசையும் விழும். நல்ல பேண்ட்டில் அந்த நான்கு தையல் ஒரே புள்ளியில் சந்திக்காது. நடுவே சாய்சதுரமாக ஒரு தனித்துண்டு வைத்து விசையைப் பிரித்திருப்பார்கள். கூயூ, சிட்கா, ஃபர்ஸ்ட் லைட் மூன்றும் இதில் நல்ல வேலை செய்கின்றன. துணியிலேயே நான்கு பக்க இழுவையும் இருப்பதால் குத்துக்காலிடுவது அவற்றில் மிகச் சுகம். விட்டா ப்ரோவின் ஜி-1000 இழுவையில்லாத துணி. ஆனால் வெட்டு தாராளம் என்பதால் பிடிக்காது. அதே நிறுவனத்தின் கெப் பேண்ட்டில் இழுவைத்துணியையும் ஜி-1000-ஐயும் கலந்து தைக்கிறார்கள், ஆனால் காலை ஒட்டிய வெட்டு. தொடை பருத்தவர்களுக்கு அதைச் சொல்ல மாட்டேன்.

இனி மேல்கோட்டு வேண்டாம் என்றதற்குக் காரணம். நீர்புகா சவ்வு வியர்வையை வெளியே விடும் என்பது உண்மை. ஆனால் அது ஏதோ மந்திரத்தால் நடப்பதில்லை. உள்ளே நீராவியின் அழுத்தம் அதிகம், வெளியே குறைவு, அந்த வித்தியாசம்தான் ஆவியைத் தள்ளுகிறது. உடம்பையொட்டி 35 டிகிரி என்று வைத்துக்கொண்டால், வியர்வை நிறைந்த காற்றில் அந்த அழுத்தம் சுமார் 56 மில்லிபார். 5 டிகிரிக் குளிரில், 80 விழுக்காடு ஈரப்பதத்தில் வெளியே 7 மில்லிபார்தான். ஆக 49 மில்லிபார் தள்ளுவிசை. கார்த்திகை மாத மழை நாளில் கடலூரில் 28 டிகிரி, 90 விழுக்காடு ஈரப்பதம் என்றால் வெளியிலேயே 34 மில்லிபார் இருக்கும். மிச்சம் 22. பாதிக்கும் குறைவு. அதே கோட்டு, அதே சவ்வு, அதே விலை. ஆனால் இங்கே வேலை பாதிகூடச் செய்யாது, மழையில் நனையாமல் வியர்வையில் நனைவீர்கள். வடகிழக்குப் பருவமழைக்கு அடிப்பக்கம் திறந்த ஒரு பாஞ்சோ (தலை வழியாகப் போடும் மழைப் போர்வை) அல்லது பெரிய குடை இதைவிட நூறு மடங்கு மேல். பாஞ்சோவுக்குள் காற்று ஓடும், காமிரா பையும் உள்ளே அடங்கும்.

நான் தொழிலில் பார்த்த இன்னொரு காரணமும் உண்டு. மலிவான நீர்புகா ஆடைகள் பலவற்றிலும், சில விலையுயர்ந்தவற்றிலும் பாலியூரித்தேன் பூச்சு இருக்கும். அந்தப் பொருளை ஈரமும் வெப்பமும் சேர்ந்து மெல்ல மெல்ல உடைக்கும். பயன்படுத்தாமல் பீரோவில் வைத்திருந்தாலும் சில ஆண்டுகளில் பிசுபிசுக்கும், பிறகு செதில் செதிலாக உரியும். கடற்கரை ஊரில் இது வேகமாக நடக்கும். கோர்டெக்ஸின் முக்கியச் சவ்வு அப்படி அழிவதில்லை. ஆனால் தையல்களின் மேல் ஒட்டியிருக்கும் நாடாவின் பசைக்கு அந்த உறுதி இல்லை. நாடா விட்டுப்போனால் கோட்டு ஒழுகும். அமெரிக்க நிறுவனங்கள் உத்தரவாதத்தில் தாராளமானவர்கள். ஆனால் அந்தத் தாராளத்தை அனுபவிக்கக் கோட்டைக் கடல் கடந்து அனுப்ப வேண்டும். மைத்துனர் ஆண்டுதோறும் வந்துபோனால்தான் அது நடக்கும்.

பாரிஸ் சித்தப்பாவிடம் ஹார்கிலா கேட்கும் எண்ணம் இருந்தால் ஒரு எச்சரிக்கை. ஐரோப்பிய வேட்டைப் பேண்ட்டுகளில் பல, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை சவ்வு ஒட்டியவை. ப்ரோ ஹண்டர் போன்ற வரிசைகள் அப்படிப்பட்டவை. கைவேலையில் எந்தக் குறையும் சொல்ல முடியாது, பையின் மூலைகளில் போட்டிருக்கும் நெருக்குத் தையலைப் பார்த்தாலே அந்தப் பட்டறை எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். ஆனால் மாசி மாதம் காலை ஒன்பது மணி வெயிலில் கழுவெளியில் அதைப் போட்டுக்கொண்டு நடக்க முடியாது. கோர்டெக்ஸ் என்ற சீட்டு தொங்கும் பேண்ட்டைக் கையில் எடுக்க வேண்டாம் என்று சித்தப்பாவிடம் சொல்லிவிடுங்கள்.

துணியின் சத்தம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வேட்டை உடைக்கு அதிக விலை ஏன் என்பதற்கு அதில் பாதி விடை இருக்கிறது. மேற்பரப்பைச் சீவிப் பஞ்சுபோல் ஆக்கிய துணி சத்தமே போடாது. சிட்காவின் மரமேறி வேட்டைக்கான உடைகள் இந்த வகையில் மிகச் சிறந்தவை, கையை உரசினாலும் காதுக்கு எட்டாது. ஆனால் அந்தப் பஞ்சு மேற்பரப்பு முள்ளைப் பிடித்து இழுக்கும். நம் ஏரிக்கரைகளில் பாதி சீமைக்கருவேலம். ஒரு முறை உள்ளே புகுந்து வந்தால் நூல் நூலாக வெளியே வந்து நிற்கும், புல் விதைகள் ஒட்டிக்கொண்டு போகாது. நேர்மாறாக, வழவழப்பான நைலான் நெசவு முள்ளை வழுக்கி விட்டுவிடும், ஆனால் தொடையோடு தொடை உரசும்போது சரசரவென்று கேட்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது ஜி-1000. பருத்தி கலந்திருப்பதால் சத்தம் மென்மை, நெசவு நெருக்கம் என்பதால் முள் ஏறாது. விட்டா ப்ரோவின் முழங்காலிலும் பின்பக்கத்திலும் இரட்டைத் துணி. நான் பார்த்த பேண்ட்டுகளில் சீமைக்கருவேலத்துக்கு இதைவிட நன்றாகத் தாக்குப்பிடித்தது வேறில்லை. அதன் மேல் மெழுகு தேய்ப்பது சுவீடன் வழக்கம். இங்கே தேய்க்க வேண்டாம். மெழுகு காற்றை அடைக்கும். ஏற்கெனவே தேய்த்திருந்தால் இரண்டு மூன்று முறை வெந்நீரில் துவைத்தால் பெரும்பகுதி போய்விடும்.

பருத்தி கலந்த துணியா என்று தயங்க வேண்டாம். மலையில் பருத்தி ஆகாது என்பது குளிர்நாட்டு விதி. அங்கே நனைந்த பருத்தி உடம்பின் சூட்டை உறிஞ்சி உயிருக்கே ஆபத்தாகும். இங்கே அந்தக் குளிர்ச்சிதான் நமக்கு வேண்டும். முழுப் பருத்தி மட்டும் வேண்டாம். மழைக்காலத்தில் நாள் முழுக்க உலராது, நனைந்த தொடையில் உராய்ந்து புண்ணாக்கும்.

மெரினோவைப் பற்றி ஆசையாகப் பலர் கேட்கிறார்கள். ஃபர்ஸ்ட் லைட்டின் மெல்லிய மெரினோ பனியன்கள் சதுர மீட்டருக்கு 150 கிராம் அளவில் இருக்கும். வெயிலிலும் சுகம், நாள் முழுக்கப் போட்டாலும் நாற்றம் அடிக்காது. துணியாக அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பிச்சாவரத்தில் பொழுது சாயும் நேரம் படகில் உட்கார்ந்து பாருங்கள். பின்னல் துணியின் கண்கள் வழியே கொசு ஊசியை இறக்கிவிடும். மெரினோ பின்னல் துணிதான், அதுவும் உடம்பை ஒட்டியது. கொசுவுக்குத் தடை நெருக்கமான நெசவுத் துணி மட்டுமே, அதுவும் உடம்பிலிருந்து சற்று விலகி நிற்க வேண்டும். சிட்காவின் ஈக்வினாக்ஸ் கார்ட் வரிசை இதற்காகவே செய்யப்பட்டது. பெர்மெத்ரின் என்ற பூச்சிவிரட்டி துணியிலேயே ஏற்றப்பட்டிருக்கிறது. மேலாடை ஒன்று கட்டாயம் வெளிநாட்டிலிருந்து வேண்டும் என்றால் இதை மட்டும் கேட்கலாம். ஆனால் அந்த மருந்து மீனுக்கும் நீர்ப்பூச்சிகளுக்கும் கொடிய நஞ்சு. அதைப் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்குவதோ, வாய்க்காலில் அலசுவதோ கூடாது. பறவைகளின் தீனியை நஞ்சாக்கிவிட்டு எதைப் படமெடுக்கப் போகிறோம்?

மற்றபடி சட்டைக்கு டாலர் செலவழிக்கத் தேவையில்லை. புதுவையில் நேரு வீதி, காந்தி வீதிக் கடைகளில் பாலியெஸ்டர் பருத்தி கலந்த பாப்ளின், வெளிறிய ஆலிவ் பச்சை அல்லது மண் நிறத்தில் கிடைக்கும். பளபளப்பு இல்லாததாகப் பார்த்து வாங்கி முழுக்கை வைத்துத் தையுங்கள். தையல்காரரிடம் மூன்று விஷயம் சொல்ல வேண்டும். தோள்பட்டைக்குப் பின்னால் இரண்டு பக்கமும் மடிப்பு வைக்க வேண்டும், லென்ஸைத் தூக்கும்போது சட்டை மேலேறக் கூடாது. முதுகில் குறுக்கே ஒரு மூடிய திறப்பும் உள்ளே வலையும் வேண்டும். பட்டன் காஜாவை மறைத்துப் பட்டி வைக்க வேண்டும், பட்டன் காமிராவைக் கீறாது. இதைத் தைக்கத் தெரிந்த கைகள் நம் ஊரில் நிறைய உண்டு.

நிறத்துக்கு வருவோம். சிட்காவின் ஆப்டிஃபேட் போன்ற உருமறைப்பு வடிவங்களில் பல மான் கண்ணை ஆராய்ந்து செய்யப்பட்டவை. மானுக்கு இரண்டு வகை நிற உணரிகள்தான், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாது. அதனால்தான் அமெரிக்க வேட்டைக்காரர்கள் பளிச்சென்ற ஆரஞ்சு அங்கியைப் போட்டுக்கொண்டும் மானை நெருங்க முடிகிறது. பறவைக்கு நான்கு வகை. நமக்குத் தெரியாத ஊதாக்கடந்த ஒளியும் பல பறவைகளுக்குத் தெரியும். அதன் முன்னால் மானுக்காக வரைந்த இலைகளும் கட்டங்களும் நிறத்தால் ஏமாற்றாது, உருவத்தின் விளிம்பை உடைப்பதில்தான் கொஞ்சம் உதவும். அசையாமல் இருப்பது அதைவிடப் பல மடங்கு உதவும். பெரும்பாலான சலவைத்தூள்களில் இருக்கும் வெளுப்பூட்டியோ (ஆப்டிகல் பிரைட்னர்) இதையெல்லாம் ஒரே துவைப்பில் கெடுத்துவிடும். அது ஊதாக்கடந்த ஒளியை வாங்கி நீல ஒளியாக உமிழும். நூறு டாலர் பேண்ட் பறவையின் கண்ணுக்கு மங்கலாக மின்னிக்கொண்டிருக்கும். வெளுப்பூட்டி இல்லாத திரவச் சோப்பில் துவையுங்கள்.

உருமறைப்பு வடிவம் வேண்டாம், ஒற்றை நிறம் போதும் என்பதே என் கருத்து. நாணல் புதருக்கென்று வாத்து வேட்டைக்காரர்களுக்காக வரைந்த வடிவங்கள் ஊசுட்டேரி நாணலில் அழகாகக் கலக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் நமது கடற்கரை பாதுகாப்புக் கண்காணிப்பில் இருக்கும் கரை. இந்திய ராணுவம் 2022 ஜனவரி 15-இல் புதிய வடிவச் சீருடையை வெளியிட்டது, அதன் உரிமையையும் தன்வசம் வைத்திருக்கிறது. படைவீரர் என்று பிறர் நம்பும்படி அவர்கள் உடையை அணிவது குற்றம். நீங்கள் போடுவது வேறு வடிவம்தான் என்பதை ஒவ்வொரு சோதனையிலும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. வலையும் ஏர்கன்னும் எடுத்துக்கொண்டு கொக்கு பிடிக்க வருபவர்கள் இன்றும் ஏரிகளைச் சுற்றி இருக்கிறார்கள். கரையோரக் கிராமத்தார் உங்களை அவர்களில் ஒருவராக நினைத்துவிடக் கூடாது. ஆலிவ், மண்நிறம், காய்ந்த புல்நிறம் இந்த மூன்றில் ஏதாவது ஒன்று எடுங்கள்.

பணம் குறைவாகச் செலவழிக்க நினைத்தால் டெகாத்லானின் வேட்டைப் பிராண்டான சொலோன்யாக் இந்தியாவிலேயே கிடைக்கும். விலைக்கு மீறிய சரக்கு. தையலில் அங்குலத்துக்கு விழும் கண்கள் குறைவு, ஜிப் சாதாரணம், முழங்கால் வெட்டு எளிமையானது. ஆனால் போட்டுப் பார்த்து வாங்கலாம், பொருந்தாவிட்டால் மாற்றலாம். போட்டுப் பார்க்க முடியாத உயர்தரத்தைவிடப் போட்டுப் பார்த்த நடுத்தரம் பல சமயம் மேல்.

எந்தப் பேண்ட்டானாலும் கையில் வந்ததும் உப்புக் காற்றிலிருந்து காக்க வேண்டும். உலோக ஜிப்பைவிடப் பிளாஸ்டிக் பல் வைத்த ஜிப் நம் கரைக்கு நல்லது. இழுக்கும் தலைப்பகுதி மட்டும் உலோகமாக இருந்தால் ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும். நிழலில் உலர்த்துங்கள், பிளாஸ்டிக் பைக்குள் அடைக்காதீர்கள்.

உடையோடு சேர்ந்த ஒன்றை மட்டும் சொல்லாமல் விட மனமில்லை. முள் ஏறாத பேண்ட் பாம்புக்கடியைத் தடுக்காது. பாகூர் வயல் வரப்புகளில் கண்ணாடி விரியன் உண்டு. விடியற்காலை இருட்டில் வரப்பில் நடக்கப் போகிறீர்கள் என்றால் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸும் கையில் விளக்கும் வேண்டும். சித்தப்பாவிடம் பேண்ட்டுக்குப் பதிலாக ஏதாவது கேட்க வேண்டுமென்றால், 1853 முதல் ரப்பர் பூட்ஸ் செய்துவரும் பிரெஞ்சு நிறுவனமான எய்கிளின் பூட்ஸைக் கேளுங்கள். கெண்டைக்கால் சுற்றளவை அளந்து சொல்லுங்கள், பேண்ட்டை உள்ளே விட இடம் இருக்க வேண்டும்.

இப்போது அளவு எடுப்பது. உங்களிடம் இருப்பதில் குத்துக்காலிட்டால் பிடிக்காத பழைய பேண்ட் ஒன்றைத் தரையில் விரித்து, அதை அளந்து அனுப்புங்கள். உடம்பை அளந்து அனுப்பினால் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாகக் கணக்குப் போடும். இடுப்புப் பட்டியின் அகலம், கவட்டையிலிருந்து கீழ் ஓரம், கவட்டையிலிருந்து முன்பக்க இடுப்புப் பட்டி, கவட்டைக்கு ஓர் அங்குலம் கீழே தொடையின் அகலம், கடைசியாகக் கவட்டையிலிருந்து முழங்கால் நடுப்பகுதி வரை. இந்த ஐந்தாவதை யாரும் எடுப்பதில்லை, உங்களுக்கு அதுதான் முக்கியம். ஐந்தையும் சென்டிமீட்டரில் எழுதிச் சித்தப்பாவுக்கு அனுப்புங்கள், விட்டா ப்ரோ அளவு 50 குட்டை நீளத்தைக் கடையில் விரித்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள். முழங்கால் அளவில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் 48-ஐ எடுத்துப் பார்க்கட்டும், இடுப்பு இறுகினால் விட்டுவிடட்டும். மைத்துனர் வழியாகக் கூயூ என்றால் அதன் சொந்தக் கடைகள் சிலவே, பெரும்பாலும் வீட்டுக்கு வரவழைத்துத்தான் அளக்க வேண்டும். திருப்பி அனுப்பி மாற்றவும் நாள் வேண்டும். அதனால் அவர் விமானம் ஏறுவதற்கு ஒரு மாதம் முன்பே ஆர்டர் போட்டுவிடச் சொல்லுங்கள்.